அச்சில் பிறக்கும் உலோகம்

(அலிப்பூரில் கொல்கத்தாத் தமிழர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



லேசரால் அலுமினியத்தை உருக்கிப் பாகங்கள் செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்தத் தொழில் மும்முரமாக நடப்பது பெங்களூரிலும் சென்னையிலும். அதை அலிப்பூரில் வந்து ஏன் பேசுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். இந்த வட்டாரத்துக்கும் அலுமினியத்துக்கும் பழைய உறவு உண்டு. இங்குள்ள நாணயச்சாலை 1952 மார்ச் 19-ல் திறக்கப்பட்டது. 1960-களின் நடுவில் செம்பும் நிக்கலும் விலை ஏறியபோது சில்லறைக் காசுகள் அலுமினியத்துக்கு மாறின. ஒரு பைசா, இரண்டு பைசா, ஆறு மூலை வைத்த மூன்று பைசா. நம்மில் தலை நரைத்தவர்கள் கையில் எண்ணிக் கொடுத்த காசு அது. ஒரு பைசாவின் எடை முக்கால் கிராம். பழைய டப்பாவில் ஒன்று கிடந்தால் எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்குக் கீழே எந்தக் குறியும் இல்லையென்றால் அது கொல்கத்தாவில் அடித்த காசு. மற்ற நாணயச்சாலைகள்தான் புள்ளி, வைரம், நட்சத்திரம் என்று அடையாளம் வைத்துக்கொண்டன.

காசு எப்படி அடிக்கிறார்கள்? உலோகத்தை உருட்டித் தகடாக்கி, தகட்டில் வில்லை வெட்டி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஓர் அடி. தகட்டின் கலவை சரியா, கடினம் சரியா, தடிமன் சரியா என்பதெல்லாம் அச்சு இறங்குவதற்கு முன்பே பார்த்து முடித்த விஷயம். அச்சு தருவது உருவம் மட்டும். லேத்தில் கடைகிறவருக்கும் இதே கதைதான். கம்பியோடு ஆலைச் சான்றிதழ் வந்துவிடும். அவர் அதைக் கோப்பில் போட்டுவிட்டுக் கடையத் தொடங்கலாம். கடைந்து முடித்த பின்னும் அது அதே கம்பிதான்.

நான் பேச வந்த முறையில் இந்த வரிசை கலைந்துபோகிறது. பாகம் உருவாகும் அதே நொடியில்தான் அதன் உலோகமும் உருவாகிறது. பொடிக்குச் சான்றிதழ் இருக்கும்; உருகி உறைந்த பிறகு அது வேறு பொருள். ஆகவே இந்தத் தொழிலில் பெரிய கேள்வி, செய்ய முடியுமா என்பது இல்லை. செய்ததை எதை வைத்து நம்புவது என்பதுதான். இன்றைக்கு என் பேச்சு முழுவதும் அதைச் சுற்றித்தான் இருக்கும்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மூடிய அறை. உள்ளே காற்றை வெளியேற்றிவிட்டு ஆர்கான் வாயுவை நிரப்பியிருப்பார்கள். ஆக்சிஜன் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. தட்டின் மேல் ஒரு கத்தி ஓடி அலுமினியப் பொடியை மெல்லிய படலமாகப் பரப்பும். பொடியின் மணிகள் பெரும்பாலும் 20 முதல் 60 மைக்ரான் விட்டம் கொண்ட உருண்டைகள். அதன் மேல் சுமார் 370 வாட் லேசர், விநாடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில், கணினியில் இருக்கும் வரைபடத்தின் ஒரு குறுக்குவெட்டைக் கோடு கோடாக வரையும். கோடு பட்ட இடம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குள் உருகி உறைந்துவிடும். தட்டு 30 மைக்ரான் கீழே இறங்கும். மறுபடி பொடி, மறுபடி லேசர். ஒன்பது சென்டிமீட்டர் உயரப் பாகத்துக்கு இப்படி 3000 அடுக்கு. 1990-களின் நடுவில் ஜெர்மனியின் ஆஹன் நகரில் உள்ள பிரான்ஹோபர் லேசர் ஆய்வகத்தில் உருவாகிக் காப்புரிமை பெற்ற வழி இது. பாகத்தை எடுத்த பிறகு வேலை முடிந்துவிட்டது என்று காணொளிகளில் காட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் பாதி வேலை: பொடியை உதறுவது, உள் இறுக்கம் தணிய உலையில் வைப்பது, தட்டிலிருந்து வயர்-கட் இயந்திரத்தில் அறுப்பது, அச்சின்போது பாகத்தைத் தாங்கி நின்ற கால்களைப் பிடுங்குவது, மேற்பரப்பைத் தேய்ப்பது.

எஃகும் டைட்டானியமும் இந்த முறைக்கு ஓரளவு சீக்கிரம் இணங்கின. அலுமினியம்தான் அடம்பிடித்தது. மெருகிட்ட அலுமினியம், இந்த இயந்திரங்களில் உள்ள லேசரின் ஒளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பொடியாக இருக்கும்போது ஒளி மணிகளுக்கு இடையே மோதி மோதிச் சுற்றுவதால் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சும், அவ்வளவே. உறிஞ்சிய வெப்பத்தையும் அது ஓரிடத்தில் வைத்துக்கொள்ளாது. கைப்பிடி இல்லாத அலுமினியப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். போதாததற்கு மேலே ஆக்சைடு தோல் வேறு. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே திரவம், வெளியே உருகாத சவ்வு. சவ்வு கிழியாவிட்டால் இரண்டு துளிகள் ஒன்று சேராது. லேசரின் சக்தியைக் கூட்டினால் இதையெல்லாம் ஓரளவு சமாளிக்கலாம், சமாளித்தும் விட்டார்கள்.

அப்படிச் சமாளிக்க முடியாத ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் அது நம் ஊர்ச் சங்கதி. வங்காளத் தொலைக்காட்சியில் மழைச் செய்தி என்றாலே ‘அலிப்பூர் வானிலை அலுவலகம்’ என்ற பெயர் வந்துவிடும். ஆடி, ஆவணியில் இங்கே காற்றின் ஈரப்பதம் எவ்வளவு என்று உங்கள் சட்டையே சொல்லும். ஈரம் பட்ட அலுமினியப் பொடி மழைக்கால உப்பைப் போலக் கட்டிக்கொள்ளும். கத்தி ஓடினால் படலம் சீராக விழாது. இது கண்ணுக்குத் தெரிகிற கெடுதல். தெரியாத கெடுதல் உள்ளே நடக்கிறது. மணியின் மேல் ஒட்டிய நீர், உருகிய அலுமினியத்தைத் தொட்டதும் பிளக்கிறது. ஆக்சிஜனை உலோகம் ஆக்சைடாக எடுத்துக்கொள்ள, ஹைட்ரஜன் திரவத்தில் கரைகிறது. உருகிய அலுமினியம் கரைத்து வைத்துக்கொள்ளும் ஹைட்ரஜனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கைத்தான் உறைந்த அலுமினியம் வைத்துக்கொள்ளும். மிச்சம் எங்கே போகும்? வெளியேற நேரமில்லை. குமிழாக அங்கேயே மாட்டிக்கொள்கிறது. பாகத்தை அறுத்து மெருகிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், காம்பஸில் வரைந்தது போன்ற வட்டக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். கோணல்மாணலாக, உருகாத மணியோடு இருக்கும் ஓட்டை லேசரின் குற்றம். சுத்த வட்டமாக இருந்தால் பெரும்பாலும் வாயுவின் வேலை. பொடி வாங்கிய டப்பா எந்த அறையில், எந்த மாதத்தில் திறக்கப்பட்டது என்று கேட்க வேண்டிய இடம் அது. கடலோரத்திலோ கங்கைக் கரையிலோ இந்தக் கூடம் வைக்க நினைப்பவர் இயந்திரத்துக்கு முன்னால் உலர்த்தும் அடுப்புக்கும் ஈரம் நீக்கும் சாதனத்துக்கும் காசு ஒதுக்கட்டும். பெங்களூர்க்காரர்களுக்கு அந்த ஊர்க் காற்றே பாதிச் செலவைக் குறைத்துவிடுகிறது என்று எனக்கு எப்போதும் ஒரு பொறாமை உண்டு.

அலுமினியப் பொடியின் இன்னொரு குணம் சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாணத்தின் வெள்ளை வெளிச்சம் இந்த உலோகம்தான். காற்றில் மேகமாக எழும்பினால் ஒரு பொறி போதும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜனைக் கிளப்பி நிலைமையை மோசமாக்கும். உலர்ந்த மணல், அல்லது உலோகத் தீக்கென்றே உள்ள அணைப்பான். சாதாரண வேக்குவம் கிளீனரால் பொடியை உறிஞ்சுகிற தைரியசாலிகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்தத் தைரியம் வேண்டாம்.

சரி, இவ்வளவு தொல்லைக்கு என்ன பலன்? இன்று உலகம் முழுவதும் அச்சிடப்படும் அலுமினியத்தில் பெரும்பங்கு ஒரு பழைய வார்ப்புக் கலவைதான்: நூற்றுக்குப் பத்து சிலிக்கான், துளி மக்னீசியம். பவுண்டரிக்காரர்களுக்குத் தெரிந்த சரக்கு. சிலிக்கான் பன்னிரண்டரையை நெருங்கும்போது கலவை 577 டிகிரி வரைக்கும் திரவமாக ஓடும், இடுக்கெல்லாம் நிரப்பும், சுருங்கும்போது கிழியாது. ஆனால் மெதுவாக ஆறினால் சிலிக்கான் ஊசிகளாகவும் பலகைகளாகவும் வளரும். கண்ணாடித் துண்டை மாவில் பிசைந்த மாதிரி உலோகம் நொறுங்கும். 1920-களின் தொடக்கத்தில் அலடார் பாட்ஸ் என்பவர் சிட்டிகை சோடியம் சேர்த்தால் அந்த ஊசிகள் பொடிப்பொடி இழைகளாகிவிடும் என்று கண்டு காப்புரிமை வாங்கினார். நூறு ஆண்டாகப் பவுண்டரிகள் அந்த வழியில்தான் போகின்றன. பின்னால் சோடியத்துக்குப் பதில் ஸ்ட்ரான்ஷியமும் வந்தது. லேசருக்கு இந்தச் சிட்டிகை எதுவும் தேவையில்லை. விநாடிக்கு லட்சம் டிகிரியில் தொடங்கி பத்து லட்சம் வரை போகும் வேகத்தில் ஆறுவதால் சிலிக்கானுக்கு வளர அவகாசமே கிடைப்பதில்லை. அரை மைக்ரான் அளவு அறைகள், அவற்றைச் சுற்றிச் சிலிக்கான் வலை. வார்ப்பில் இழுவிசைப் பலம் 300 மெகாபாஸ்கல் கிட்டினால் மகிழ்ச்சி என்றிருந்த அதே கலவை, அச்சிட்டால் 400-ஐத் தாண்டுகிறது.

இங்கே பழைய அனுபவம் காலை இடறிவிடும். அலுமினிய வார்ப்பு என்றால் 530 டிகிரி வாக்கில் வைத்து, நீரில் தணித்து, பிறகு பதப்படுத்துவது வழக்கம், பலம் கூடும். அச்சிட்ட பாகத்துக்கு அதையே பழக்கத்தில் செய்தால் அந்த மெல்லிய வலை கலைந்து சிலிக்கான் உருண்டைகளாகத் திரளும். பலம் குறையும். நான் சொன்ன வட்டக் குமிழ்களும் சூட்டில் பருக்கும். பாகம் நீளும் திறன் கூடும் என்பதால் சிலர் தெரிந்தே இதைச் செய்கிறார்கள். தெரியாமல் செய்தால் நஷ்டம். வரைபடத்தின் மூலையில் பழைய வெப்பப்பதக் குறியை அப்படியே ஒட்டி அனுப்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

விமானத்துக்குப் போகும் உயர்பலக் கலவைகள், அதாவது 6061, 7075 போன்றவை, நீண்ட காலம் இந்த முறைக்கு வரவே மறுத்தன. அவற்றுக்கு உறையும் வெப்ப இடைவெளி அகலம். தூண் தூணாகப் படிகங்கள் வளர்ந்து, கடைசிச் சொட்டுத் திரவம் தூண்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நிற்கும். உலோகம் சுருங்கி இழுக்கும்போது அந்தப் படலம் கிழியும். கிழிசலில் ஊற்றுவதற்குத் திரவம் மிச்சமில்லை. அச்சிட்ட 7075-ஐ அறுத்துப் பார்த்தால் வறண்ட ஏரிப் படுகை. 2017-ல் அமெரிக்காவின் ஹெச்.ஆர்.எல். ஆய்வகத்தினர் ‘நேச்சர்’ இதழில் ஒரு வழி சொன்னார்கள். பொடியின் மணிகள் மேல் சிர்கோனியம் சார்ந்த நுண்துகள்களை ஒட்டினார்கள். உருகும்போது அவை அலுமினியத்தோடு சேர்ந்து ஒரு சேர்மமாகி, படிகம் முளைக்க விதையாக நிற்கின்றன. தூண்களுக்குப் பதில் எல்லாத் திசையிலும் சிறு மணிகள். மணிகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி இழுப்பைத் தாங்கிக்கொள்கின்றன, விரிசல் விழவில்லை. ஐரோப்பாவில் ஏர்பஸ் வழிவந்த நிறுவனம் ஸ்காண்டியம் சேர்த்து இன்னொரு கலவை செய்தது. நல்ல கலவை, ஸ்காண்டியத்தின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். என் கணிப்பில், இத்துறையில் இந்த இருபது ஆண்டுகளில் நடந்த முக்கிய வேலை லேசரில் நடக்கவில்லை, இந்தக் கலவைகளில் நடந்தது. இயந்திரம் விற்கிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரி. 2024 மே 9 அன்று அங்கே இஸ்ரோ, பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தின் நான்காம் நிலைக்கான அச்சிட்ட எஞ்சினை 665 விநாடி எரித்துப் பார்த்தது. இதே பொடிப் படுக்கை முறை. பதினான்கு பாகங்கள் ஒரே துண்டாயின. பத்தொன்பது வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின. முன்பு ஓர் எஞ்சினுக்கு 565 கிலோ அடித்து உருவாக்கிய கட்டியும் தகடும் வேண்டியிருந்தது, இப்போது 13.7 கிலோ பொடி. அதே மாதம் 30-ம் தேதி சென்னை ஐஐடி வளாகத்தில் பிறந்த அக்னிகுல், ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலத்தைப் பறக்கவிட்டது. அக்னிகுல் எஞ்சின் நிக்கல் சார்ந்த கலவை. எரியும் அறைக்கு அலுமினியம் பொதுவாகத் தாங்காது. இருந்தும் நான் இவற்றைச் சொல்வதற்குக் காரணம் அந்த 565 என்ற எண். அலுமினியத்தில் விமானப் பாகம் செய்கிறவர்கள் தினமும் பார்க்கும் கணக்கு அது: பெரிய கட்டியை வாங்கி, பத்தில் ஒன்பது பங்கைச் சுருளாகச் சீவித் தள்ளி, மிச்சத்தைப் பறக்கவிடுவது.

அலுமினியம் தாங்காது என்று சொன்னேன் இல்லையா, அதற்கும் 2023-ல் ஒரு திருத்தம் வந்தது. நாசா 6061 வகைக் கலவையில் ராக்கெட்டின் பின்முனைக் குழல்களை (நாசில்) லேசரால் உருக்கிக் கட்டியது. பொடியைப் படுக்கையாகப் பரப்பாமல், லேசர் விழும் இடத்தில் ஊதிச் சேர்க்கும் முறை. சுவருக்குள் நுண் குழாய்கள். அவற்றில் குளிர்ந்த எரிபொருள் ஓடி வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்ளும். மார்ஷல் மையத்தில் 22 முறை மூட்டி, மொத்தம் 579 விநாடி எரித்தார்கள். அலுமினியம் வேகமாக வெப்பம் கடத்துவது லேசருக்குத் தொல்லை என்று சற்றுமுன் சொன்னேன். அந்தத் தொல்லையே இங்கே குழலைக் காப்பாற்றியது.

இப்போது நான் ஆரம்பத்தில் வைத்த கேள்விக்குத் திரும்புகிறேன்: செய்ததை எதை வைத்து நம்புவது? இந்த அலிப்பூரில்தான் தேசியச் சோதனைக் கூடம் இருக்கிறது. 1912-ல் ரயில்வே வாரியத்தின் கீழ் தொடங்கியது. தண்டவாளம், பாலத்து இரும்பு, சிமெண்ட், கேபிள் என்று எத்தனையோ பொருள் சோதனைக்கு வந்து போன இடம். சென்னையில் தரமணியில் அதன் கிளை. அந்தக் காலச் சோதனையின் தர்மம் எளியது. ஒரே உருக்கிலிருந்து வந்த நூறு கம்பியில் இரண்டை இழுத்து உடைத்தால் மற்ற தொண்ணூற்றெட்டுக்கும் அது பேசும். அச்சிட்ட பாகத்தில் எது அந்த உருக்கு? காலையில் தொடங்கிய அச்சும் மாலையில் தொடங்கிய அச்சும் வெவ்வேறு. ஒரே தட்டில் வாயு வீசும் பக்கம் இருந்த பாகமும் மூலையில் இருந்த பாகமும் வெவ்வேறு. ஒரே பாகத்தில் படுத்த கையும் நின்ற கையும் வெவ்வேறு, ஏனென்றால் அடுக்குக்குக் குறுக்கே இழுத்தால் நீளும் அளவு குறைகிறது.

அதனால் பாகத்தோடு சேர்த்து, அதே தட்டில், அதே பொடியில், சில கம்பிகளை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் அச்சிடுகிறார்கள். சாட்சிக் கம்பிகள். அவற்றைக் கடைந்து இழுத்துப் பார்த்தால் இழுவிசைப் பலம் தெரிந்துவிடும். அலுமினியம் அந்தத் தேர்வில் அநேகமாக நல்ல மார்க் வாங்கும். ஏமாறுவது இங்கேதான். விமானத்திலும் வண்டியிலும் பாகம் ஒரே இழுப்பில் உடைவதில்லை; லட்சக்கணக்கான சிறு அதிர்வில் சோர்ந்து உடைகிறது. சோர்வில் உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். விசிறி மடிப்பு போலக் கோடுகள் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும். கோடுகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் மேற்பரப்புக்கு அருகே ஒரே ஒரு ஓட்டையில் போய் நிற்கும். பாகம் முழுவதும் 99.8 சதவீதம் கெட்டியாக இருந்து என்ன பயன்? ஆயுளை நிர்ணயித்தது அந்த ஓட்டை. சராசரி அடர்த்தி என்று விளம்பரத்தில் போடும் எண்ணை நான் மதிப்பதில்லை. பெரிய ஓட்டை எவ்வளவு பெரிது, எங்கே இருக்கிறது, இதைச் சொல்லுங்கள். அதைப் பாகத்தை வெட்டாமல் பார்க்க எக்ஸ்ரே ஸ்கேன் வேண்டும். ஆஸ்பத்திரி ஸ்கேன் போலத்தான், சக்தி கூடுதல். பாகம் தடிமனாகத் தடிமனாகச் சிறு ஓட்டை கண்ணுக்குத் தப்பும்.

பட்டறையைச் சீக்கிரம் மூடிவிட்டு ஹவுராவிலிருந்து வந்திருக்கும் தொழில் நண்பர்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரியும்: இது எங்கள் பிழைப்பைக் கெடுக்குமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் சொன்ன வேகத்தில், கோடுகளுக்கு இடையே 0.19 மில்லிமீட்டர் விட்டு, 30 மைக்ரான் அடுக்கில் ஒரு லேசர் நிற்காமல் ஓடினால் மணிக்கு 27 கன சென்டிமீட்டர் உருகும். எடையில் எழுபது கிராம் சொச்சம். பழைய ஒரு பைசா என்றால் தொண்ணூற்றைந்து காசு! நாணயச்சாலை இயந்திரம் நிமிடங்களில் அடித்துத் தள்ளும் எடை அது. இயந்திரத்தில் நாலு லேசர், எட்டு லேசர் என்று வைத்தாலும் லட்சம் பம்புக் கூடுகளை வார்க்கும் கோயம்புத்தூரோடும் ஹவுராவோடும் அது போட்டிக்கு வராது. வரும் இடம் வேறு: பத்து எண்ணிக்கை, உள்ளே வளைந்த குழாய், ஒவ்வொரு கிராமும் காசு. செயற்கைக்கோளின் தாங்கி, ட்ரோன் எஞ்சினின் உறை, வெப்பமாற்றி, பந்தய வண்டி. பட்டறைக்காரருக்கு இதில் கிடைக்கும் வேலை, அச்சிட்டு வரும் பாகத்தைத் துல்லியமாகக் கடைந்து கொடுப்பது. கரடான, நேர்விளிம்பே இல்லாத துண்டை லேத்தில் எப்படிப் பிடிப்பது என்று தெரிந்தவர்களுக்கு இப்போதே கிராக்கி.

பிழைப்பு போய்விடுமோ என்ற இந்தப் பயம் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சேட்டர்டன் என்பவர் 1898-ல் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கியபோது பித்தளைப் பாத்திரம் செய்யும் கன்னார்கள் பயந்திருப்பார்கள். 1903-ல் அது கம்பெனி கைக்குப் போனது. பித்தளை அழியவில்லை, அலுமினியத்துக்கும் அடுப்பங்கரையில் இடம் கிடைத்தது.

கடைசியாகக் காசு விஷயம். சாட்சிக் கம்பிகள் தட்டில் இடம் பிடிக்கும், லேசர் நேரம் தின்னும், உடைக்கவும் ஸ்கேன் எடுக்கவும் தனிச் செலவு. விலைப்பட்டியலில் வாங்குகிறவர் முதலில் அடித்துவிடும் வரி அதுதான். “போன தடவை சரியாக இருந்ததே” என்பார். போன தடவை இருந்தது போன தடவை உலோகம். சோதனைச் செலவைத் தனி வரியாகப் போடாமல் பாகத்தின் விலைக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள் என்று நான் தொழில் தொடங்குகிறவர்களிடம் சொல்வது வழக்கம். இதைக் கேட்டுச் சில கொள்முதல் அதிகாரிகள் என்மேல் கோபப்பட்டிருக்கிறார்கள், படட்டும். எத்தனை முறை சலித்துப் பயன்படுத்திய பொடி, எந்த டப்பா, எந்தத் தேதி என்ற பதிவையும் கூடவே கேளுங்கள். பதிவு இல்லாத பொடியில் செய்த பாகத்துக்கு நான் பூச்சட்டி தாங்கும் வேலைதான் கொடுப்பேன்.

நேரம் ஆகிவிட்டது, வாசலில் டீ வந்துவிட்டதாகக் கை காட்டுகிறார்கள். மேசை மேல் உடைத்த கம்பிகள் இரண்டு வைத்திருக்கிறேன், பூதக்கண்ணாடியும் இருக்கிறது. ஒன்று வார்த்தது, ஒன்று அச்சிட்டது. எது எது என்று சொல்லமாட்டேன், உடைந்த முகத்தைப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள். பக்கத்தில் உள்ள குப்பியில் பொடி இருக்கிறது. குலுக்கிப் பார்க்கலாம், மூடியை மட்டும் திறக்க வேண்டாம்.